ஓட்டுநர் பக்கக் கண்ணாடி

அக்டோபர் 2, வியாழன்

மயில்சாமி என் வண்டியின் இரண்டு கதவுக் கண்ணாடிகளையும் பாழாக்கிவிட்டான். கெட்ட எண்ணத்தோடு அல்ல. பக்தியோடு.

நடந்தது இது. கிளட்ச் மாற்றுவதற்காகப் போன வாரம் வண்டியை அவன் பட்டறையில் விட்டிருந்தேன். நேற்று ஆயுத பூஜை. பட்டறையில் நின்ற வண்டிகளை எல்லாம் கழுவி, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்திருக்கிறார்கள். என் வண்டியின் கதவுக் கண்ணாடிகளின் ஓரத்தில் போன வருடம் எண்ணெயில் குழைத்துப் போட்ட சந்தனப் பட்டை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்ததாம். பழைய பட்டைமேல் புதுப் பட்டை போடக்கூடாது என்று பெயின்ட் தின்னரைத் துணியில் நனைத்து, அழுத்தித் துடைத்திருக்கிறான்.

அவை உண்மையில் கண்ணாடி அல்ல. பாலிகார்பனேட், கண்ணாடி போலவே இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக். முப்பத்து நான்கு வயதான இந்த ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காருக்கு அசல் கண்ணாடி கிடைக்காததால், எனக்கு முன் வைத்திருந்தவர் பந்தயக் கார்களுக்குப் போடுவதை வெட்டி மாட்டிவிட்டார். அதன்மேல் தின்னர் பட்டால் என்ன ஆகும்? பால் ஊற்றியதுபோல வெளுத்து, மயிரிழை கனத்தில் நூற்றுக்கணக்கான விரிசல். அதன்மேல் அழகாக மூன்று பட்டை, நடுவில் குங்குமம்.

"எட்டு வருஷமா இந்த வண்டியத் தொடறே. அது பிளாஸ்டிக்குன்னு தெரியாதா?"

"தெரியுமுங்க சார். சாமி காரியமுங்களே, சுத்தமா இருக்கோணும்னு நெனச்சேன்."

சந்தனம் மட்டும் பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

ராலிக்கு இன்னும் ஆறரை வாரம்.

அக்டோபர் 3, வெள்ளி

வீட்டில் வசந்தாமணியிடம் சொன்னேன். சிரித்தாள். பிறகு, "அப்பறம் அந்தக் கண் சர்டிபிகேட்டு?" என்றாள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் கார் கிளப் நடத்தும் ராலி வேகப் பந்தயம் அல்ல. கொடுத்த பாதையில், கொடுத்த சராசரி வேகத்தில், நொடி பிசகாமல் போக வேண்டும். எங்கே நின்று நேரம் குறிப்பார்கள் என்று தெரியாது. முந்தினாலும் புள்ளி குறைப்பார்கள், பிந்தினாலும் குறைப்பார்கள். பதினெட்டு வருடமாக நான் ஓட்டுகிறேன். பக்கத்தில் வசந்தாமணி பாதைக் குறிப்பைப் படித்துக் கணக்குப் போடுகிறாள். கணக்கு டீச்சராக இருந்தவள். இரண்டு முறை கோப்பை வாங்கியிருக்கிறோம். கிளப்பில் வேறெந்தத் தம்பதியும் ஐந்து வருடத்தைத் தாண்டியதில்லை. பாதியில் சண்டை வந்துவிடும்.

இந்த வருடம் ஒரு புது விதி. அறுபது தாண்டிய ஓட்டுநர்கள் கண் டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி நவம்பர் 10க்குள் தர வேண்டும். எனக்கு அறுபத்து நான்கு. சர்டிபிகேட் இல்லாவிட்டால் ஓட்ட முடியாது. ஒரு நாள் போய் வாங்கினால் போகிறது. முதலில் கண்ணாடி.

அக்டோபர் 5, ஞாயிறு

சிறுவாணித் தண்ணீர் ஐந்து நாள் கழித்து வந்தது. தொட்டி நிறைத்தேன். சமையலறைக் குழாயின் வாஷர் மாற்றினேன்.

ஒரு நல்ல செய்தி. மூக்குக் கண்ணாடி போடாமலே பேப்பர் படிக்க முடிகிறது, வரி விளம்பரம்கூட. பதினைந்து வருடத்தில் இது நடந்ததில்லை. வசந்தாமணியிடம் படித்துக் காட்டினேன். "அறுபத்து நாலு வயசுல கண்ணு திரும்புது பாரு" என்றேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 8, புதன்

மயில்சாமி புது பாலிகார்பனேட் ஷீட் வாங்கி, பழையதை மாதிரியாக வைத்து வெட்டி மாட்டியிருந்தான். உட்கார்ந்து பார்த்தேன். ஷீட்டில் அலை இருக்கிறது. தெருமுனை வேப்பமரம் கரைந்து தெரிகிறது. கழற்றச் சொன்னேன்.

"எனக்கு நல்லாத் தெரியுதுங்களே சார்."

பம்ப் செட் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். வார்ப்பைக் கையில் எடுத்ததும் எங்கே ஊசித்துளை, எங்கே கால் மில்லி குறைவு என்று சொல்லிவிடுவேன். ஃபவுண்டரிக்காரர்கள் என்னை வெறுத்தார்கள். ஒருவர்கூட என்னைப் பொய்யாக்கியதில்லை. அதை அவனிடம் சொன்னேன்.

"சார் கேக்கற தெளிவு காத்துலதானுங்க இருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தான்.

இனி பிளாஸ்டிக் வேண்டாம். அசல் கண்ணாடியே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

உக்கடத்தில் ஜெய்லானி பாய் கடை. பஸ், லாரிக் கண்ணாடிகள்தான் அவருக்குப் பெரும்பாலும். என் வண்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். கதவுக்கு மேலே சட்டம் கிடையாது. கண்ணாடி தானாகவே நின்று, கூரையின் ரப்பரில் பொருந்த வேண்டும். இரண்டு மில்லி கூடினால் கதவு சாத்தாது. குறைந்தால் மழை உள்ளே வரும்.

பிளைவுட்டில் மாதிரி வெட்டி, வைத்து வைத்துப் பார்த்து, மூன்று மணி நேரம் அளந்தார். எனக்கு அவரைப் பிடித்தது.

"முதல்ல வெட்டி, ஓட்டை போட்டு, வளைச்சு, கடைசியாத்தான் சார் அடுப்புல வெச்சு உறுதிப்படுத்துவாங்க. அதுக்கப்பறம் அதுல ஒரு ஊசி முனை வேலைகூட செய்ய முடியாது. தொட்டா பொரியாட்டம் உதிர்ந்துரும். அதனால அளவு இப்பவே சரியா இருக்கணும்."

அடுப்புக்காரர்கள் இரண்டு கண்ணாடிக்காகத் தனியாக அடுப்பு மூட்ட மாட்டார்களாம். பஸ் கண்ணாடிகள் போகும்போது இதையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். இரண்டு வாரம். இன்றோடு ஐந்து வாரம் இருக்கிறது. போதும்.

அக்டோபர் 14, செவ்வாய்

கண் டாக்டரிடம் இன்று போகவில்லை. வசந்தாமணியின் ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வசந்தாமணி கட்டியிருந்த புதுச் சேலை பழுப்பு நிறம். நன்றாக இருக்கிறது என்றேன். கத்தரிப்பூ நிறம் என்கிறாள். பில்லை எடுத்துக் காட்டினாள். பில்லில் எழுதினால் நிறம் மாறிவிடுமா?

மாலையில் தெருவில் வாணம் விட்டார்கள். எல்லாம் ஒரே மஞ்சள். ஒவ்வொரு பொறியையும் சுற்றி ஒரு வட்டம். என்ன மருந்து போடுகிறார்களோ. ரோட்டிலும் இப்போது எல்லா வண்டிகளிலும் எல்.ஈ.டி. பல்பு, எதிரே வந்தால் கண்ணைக் குத்துகிறது. ஒரு வாரமாக இருட்டிய பிறகு வண்டி எடுப்பதில்லை. பெட்ரோல் மிச்சம்.

அக்டோபர் 25, சனி

கண்ணாடிகள் வந்துவிட்டன. பொருத்தம் அபாரம். கதவு சாத்தும் சத்தமே மாறிவிட்டது. ஆனால் வலப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம், புகை படிந்தாற்போல இருக்கிறது. இடப்பக்கமும்தான், கொஞ்சம் குறைவாக. பாயிடம் சொன்னேன். ஈரத் துணி, உலர்ந்த துணி, நியூஸ்பேப்பர் என்று மூன்றாலும் துடைத்தார்.

"இப்ப சார்?"

"அப்படியேதான் இருக்கு, பாய்."

சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து, கண்ணாடிக்கு வெளியே ஒட்டினாற்போலப் பிடித்தார். ராகு காலம், எமகண்டம், அடியிலிருந்த அச்சகத்தின் போன் நம்பர் வரை படித்தேன்.

"தெளிவாத்தானே சார் படிக்கிறீங்க?"

"பக்கத்துல தெரியும், பாய். அலை இருந்தா தூரத்துலதான் காட்டும். எதிர்க்கடை போர்டு எனக்குப் பஞ்சு பஞ்சா இருக்கு."

அவர் குனிந்து என் தோளுக்கு மேலாக எதிர்க்கடை போர்டைப் பார்த்தார். டயர் கடை. உரிமையாளர் பெயர், பஞ்சர் ஒட்டும் நேரம் எல்லாவற்றையும் வாசித்தார். மனப்பாடமாகத் தெரிந்திருக்கும், இருபது வருடமாக எதிரே இருக்கிறார்.

ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எடுத்து வந்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் பயிற்சிக்குக் கிளம்பினோம். தொண்டாமுத்தூர் தாண்டி நரசீபுரம் ரோடு. வசந்தாமணி ஸ்டாப் வாட்சும் அட்டையுமாக உட்கார்ந்திருந்தாள். மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர் சராசரி. முதல் பன்னிரண்டு கிலோமீட்டரில் இரண்டே நொடி வித்தியாசம்.

ஒரு பாக்குத் தோப்பின் ஓரமாக, வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு மொபெட் வந்தது. பின்னால் பெரிய புல்லுக்கட்டு. நான் பார்க்கவில்லை. வசந்தாமணி "நிறுத்துங்க!" என்று கத்தினாள். பிரேக்கை மிதித்தேன். வண்டி கோணிக்கொண்டு நின்றது. அந்த மனிதர் மொபெட்டோடு சரிந்து, புல்லுக்கட்டின்மேல் விழுந்தார். அதனால் பிழைத்தார். முழங்கையில் சிராய்ப்பு. ஐம்பது வயது இருக்கும்.

"கண்ணு தெரியலீங்களா உங்களுக்கு?" என்று கத்தினார். "இத்தாச்சோட்டுப் புல்லுக்கட்டு! யானை மாதிரி வர்றேன்!"

வசந்தாமணி இறங்கிப் போய் அவரைத் தூக்கினாள், தண்ணீர் கொடுத்தாள், மன்னிப்புக் கேட்டாள். நானும் கேட்டேன்.

கண்ணாடியின் வளைவில் மறைந்துவிட்டார். வளைவு அதிகமான கண்ணாடியில் அப்படி நடக்கும். ஓர் ஓரத்தில் உள்ள பொருள் அப்படியே விழுங்கப்பட்டுவிடும்.

வீடு வரும்வரை வசந்தாமணி அட்டையை மடியில் கவிழ்த்தே வைத்திருந்தாள். ஸ்டாப் வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த மறந்துவிட்டாள்.

அக்டோபர் 27, திங்கள்

வசந்தாமணி பேசவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

காலையில் காப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, உங்க கம்பெனில வார்ப்பைக் கேஜ் வெச்சு அளப்பீங்கல்ல?"

"ஆமா."

"ஒரு நாள் பூரா எடுத்தது எல்லாமே அளவு தப்புன்னு கேஜ் சொல்லுச்சுன்னா, மொதல்ல எதைச் சோதிப்பீங்க?"

"கேஜைத்தான். ஆறு மாசத்துக்கொருக்கா அதை ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பிச் சரி பார்க்கணும். அது விதி."

"ம்" என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது, "இனி சர்டிபிகேட் இல்லாம நீங்க ஓட்டற வண்டில நான் ஏற மாட்டேனுங்க. ராலியாவது, ரேஷன் கடையாவது" என்றாள்.

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆன பிறகு கேஜைப் பற்றி எதற்குக் கேட்டாள் என்று தெரியவில்லை.

அக்டோபர் 29, புதன்

ஜெய்லானி பாயிடம் சண்டை போட்டேன். சண்டை என்றால் நான் மட்டும்தான் போட்டேன். ஒரு மனிதர் கிட்டத்தட்டச் சாகப் பார்த்தார், உங்கள் கண்ணாடியால் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. தொழிலில் இப்படி ஒரு பேச்சு கேட்டதில்லை என்றார். கண்ணாடிகளைக் கழற்றி, வெயிலில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"புதுசா ஒரு ஜோடி செஞ்சு தர்றேன் சார். கையோட அடுப்புக்கு நானே போய் நிக்கறேன். வெள்ளிக்கிழமை, அடுத்த வாரம். ஜும்மா முடிஞ்சதும் வாங்க."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தேன். நம்பர் சரியாகத் தெரியாமல் ஒரு பஸ்ஸை விட்டேன். இந்த ஊர் பஸ்களில் பலகையைக் கழுவுவதே இல்லை.

நவம்பர் 3, திங்கள்

கிளப் செயலாளர் போனில். "அண்ணா, உங்க ஃபாரம் மட்டும்தான் பாக்கி. பத்தாம் தேதி கடைசி." பக்கத்தில் நின்ற வசந்தாமணிக்கும் கேட்டது.

அவளுக்கும் அறுபத்தொன்று ஆகிறது. அவள் ஓட்டப் போவதில்லை. அவளுக்கு சர்டிபிகேட் தேவையில்லை. ஆனாலும் இன்று போய் எடுத்து வந்துவிட்டாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லையாம். மேஜைமேல் வைத்திருக்கிறாள். எதற்கு?

நவம்பர் 7, வெள்ளி

இதை ஒழுங்காக, நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு உக்கடம் போய்ச் சேர்ந்தேன். வண்டி ஷெட்டுக்குள், வலப்பக்கம் ரோட்டைப் பார்த்து நின்றது. பாய் உள்ளே யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். காத்திருக்கப் பொறுமை இல்லை. கதவைத் திறந்து உட்கார்ந்தேன், சாத்தினேன். முதலில் இடப்பக்கம். முன்பைவிடப் பரவாயில்லை. பிறகு வலப்பக்கம் திரும்பி எதிர்க்கடை போர்டைப் பார்த்தேன். பஞ்சு. சிவப்பாக ஏதோ எழுதியிருக்கிறது என்பதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. ஒரு மாதம். மூன்று ஜோடி. ராலிக்கு ஒன்பது நாள்.

பாய் வந்தார்.

"இதுலயும் அதே புகை, பாய். இதுக்குத்தான் பக்கத்துலயே நின்னு செஞ்சீங்களா? இந்த வலப்பக்கத்தைப் பாருங்க. இதைக் கண்ணாடின்னு எவனாவது சொல்லுவானா?"

அவர் வலப்பக்கத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். பிறகு, "டீ சொல்லியிருந்தேன் சார். மொதல்ல அதைக் குடிங்க" என்றார். பக்கத்துக் கடையிலிருந்து வந்த டீயை வாங்கி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அடுப்பின் சூட்டைப் பற்றி, வளைக்கும் அச்சைப் பற்றி, இந்தக் காலத்தில் யாருக்கும் வேலையில் அக்கறை இல்லை என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே குடித்தேன்.

பாதி டீ குடித்த பிறகுதான், அது எந்த வழியாக என் கைக்கு வந்தது என்பது உறைத்தது.

கையை நீட்டினேன். முழங்கை வரை வெளியே போயிற்று. சாத்திய கதவுக்கு மேலே எதுவும் இல்லை. வலப்பக்கக் கண்ணாடி ஷெட்டின் சுவரோரம், சாக்கு விரித்து அதன்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தூக்கி இறக்கும் கம்பியில் ஒரு போல்ட் சேரவில்லை, அதனால் இன்னும் மாட்டவில்லை என்று பாய் மெதுவாகச் சொன்னார். வேறு யாரும் பார்க்காதபடி அவர் மறைத்து நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"எங்கம்மா ஒரு வருஷம் ட்யூப்லைட்டையே திட்டிட்டு இருந்தாங்க சார்" என்றார். "மூணு ட்யூப் மாத்துனேன்."

டீயைக் குடித்து முடித்தேன். ஆறிவிட்டிருந்தது.

புல்லுக்கட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். ஒரு ஆளையே மறைக்கும் அளவுக்கு அந்தக் கண்ணாடியில் வளைவு கிடையாது. இந்த நோட்டில் அன்று நான் எழுதியது தவறு. அதைக் கோடிட்டு அடிக்காமல் விடுகிறேன்.

வசந்தாமணிக்குப் போன் செய்தேன்.

"கண்ணாடி எப்படீங்க இருக்கு?"

"கண்ணாடில ஒண்ணுமில்லை." பிறகு கேட்டேன்: "வந்து என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

முப்பத்தாறு வருடத்தில் இதை நான் கேட்டதில்லை. அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அங்கேயே இருங்க. ரோட்டைத் தாண்ட வேண்டாம்" என்றாள்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வடவள்ளி வீட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் "தடை வருதுங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

நவம்பர் 8, சனி

இரண்டு கண்ணிலும் புரை. வலது நன்றாக முற்றியிருக்கிறது. கிட்டப் பார்வை திரும்பியது கண் நல்லதானதால் அல்லவாம். புரை வளரும்போது சிலருக்கு அப்படி ஆகுமாம். டாக்டருக்கு என் பெண் வயது. "எப்படி சார் இவ்வளவு நாள் வண்டி ஓட்டுனீங்க?" என்றார். வலது கண்ணுக்கு ஆபரேஷன் 26ஆம் தேதி.

நவம்பர் 9, ஞாயிறு

ஃபாரம் நிரப்பினேன். ஓட்டுநர்: அ. வசந்தாமணி. வழிகாட்டி: அர்த்தநாரி. அவள் சர்டிபிகேட்டை இணைத்தேன்.

மாலை செயலாளர் போன். "அண்ணா, பேரை மாத்தி எழுதீட்டீங்க."

"மாத்தலை."

"அக்கா ஓட்டறாங்களா? ஸ்போர்ட்ஸ் காரையா?"

"ஏன், அதுக்கு நாலு சக்கரம்தானே?" என்று பின்னாலிருந்து வசந்தாமணி சத்தம் போட்டாள்.

நவம்பர் 12, புதன்

இரண்டு கண்ணாடியும் மாட்டி ஜெய்லானி பாய் வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்து விட்டார். அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "விடுங்க சார்" என்றார். கழற்றிய முதல் ஜோடியில் ஒரு குறையும் இல்லையாம். அதையும் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் போனார். வண்டிக்கு இப்போது உபரிக் கண்ணாடி இருக்கிறது.

பிறகு பயிற்சி. கிளட்ச்சை அவள் விடும் விதம் கொடுமை. சொன்னேன். "நீங்க ரோட்டுக் குறிப்பைப் படிங்க, சார்" என்றாள். அந்த "சார்" தேவையில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பொள்ளாச்சி, ஆனைமலை, ஆழியாறு. நூற்றிருபது கிலோமீட்டர். இருபத்தாறு வண்டிகளில் பதினேழாவதாக வந்தோம். பதினெட்டு வருடத்தில் இவ்வளவு கீழே போனதில்லை. ஒடையகுளம் அருகே என் கணக்கில் ஒரு பிழை. பதினோரு நொடி போயிற்று. அதை அவள் மூன்று முறை சொல்லிக்காட்டினாள். முந்தைய வருடங்களில் நான் எத்தனை முறை சொல்லிக்காட்டியிருப்பேன் என்று கணக்கெடுக்க விரும்பவில்லை.

ஆழியாறு அணைக்கு முன்னால் வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு மாட்டு வண்டி வந்தது. எனக்குத் தெரியவில்லை. அவள் ஏற்கெனவே வேகத்தைக் குறைத்திருந்தாள். வண்டிக்காரர் நிதானமாகக் கடந்து போனார். அதில் ஒன்பது நொடி போயிற்று. அதற்காக நான் எதுவும் சொல்லவில்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டி வண்டியை நிறுத்தியதும் கேட்டேன்.

"கண்ணாடி எப்படி இருக்கு?"

"எந்தப் பக்கமுங்க?"

"உன் பக்கம். ஓட்டற பக்கம்."

திரும்பிப் பார்த்தாள். விரல் நுனியால் ஒரு முறை தொட்டாள். "இருக்கறதே தெரியலீங்க" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். நான் பார்த்துச் சொல்ல இன்னும் பத்து நாள் ஆகும்.